ஆளில்லா ஊர்களும் அவற்றின் மேயர்களும்

சில மாதங்களுக்கு முன் உயர்தர வகுப்பிலே குடித்தொகைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அட்டவணை ஒன்றை எவ்வாறு வாசிப்பது என்பதை விளக்கும்பொருட்டு, பிரான்ஸ் தேசத்தின் வடகிழக்கிலே முன்பு இருந்த ஒரு சிறு நிருவாகப் பிரிவின் ஊர்களைக் கரும்பலகையில் எழுதினோம். ஊரின் பெயர் ஒரு நிரலில்; குடிகளின் தொகை எதிர் நிரலில். எழுதி முடிந்ததும் பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, ஆறு ஊர்களுக்கு நேரே பூச்சியம் போட்டிருக்கிறீர்கள். தொகை கிடைக்கவில்லையா?"

"கிடைத்தது. அங்கே ஒருவரும் இல்லை, ஆதலாற்றான் பூச்சியம்" என்றோம்.

"ஒருவரும் இல்லாவிட்டால் அஃது எப்படி ஊராகும்?" என்று அவன் மடக்கினான். வகுப்புச் சிரித்தது.

"அந்த ஊர்களுக்கு மேயரும் உண்டு" என்றோம். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

மணி அடித்துவிட்டமையால் அன்று முழு விடையும் கூற இயலவில்லை. மறுநாள் வகுப்பிலே கூறியதையே இங்கு சற்று விரித்து எழுதுகின்றோம். அந்த மாணவனின் கேள்வி சிறுபிள்ளைத்தனமானது அன்று. ஊர் என்பது யாது என்ற கேள்வி அது. அதற்கு ஒரு தேசம் தன் சட்டத்தின் மூலமாக விடை சொல்ல நேர்ந்த வரலாறு நம் வீட்டுப் பெரியோரும் பிள்ளைகளும் அறியத்தக்கது.

கந்தோனும் கொம்யூனும்

பிரான்ஸின் நிருவாக அமைப்பு பெரும்பாலும் 1789 ஆம் ஆண்டுப் புரட்சியின் பிள்ளை. பழைய மாகாணங்களையும் பிரபுக்களின் ஆட்சி எல்லைகளையும் கலைத்துவிட்டு, 1790 இல் தேசத்தை 83 பெரும் பிரிவுகளாக வகுத்தார்கள். அவற்றுக்கு மன்னர் பெயரையோ பிரபுக்களின் பெயரையோ இடாமல், ஆறு, மலை, கடல் ஆகியவற்றின் பெயர்களையே பெரும்பாலும் இட்டார்கள். மியூஸ் நதி பாயும் நாட்டுக்கு மியூஸ் என்றே பெயராயிற்று. அப்பெரும் பிரிவுக்குத் தலைமை அதிகாரி ஒருவரை மத்திய அரசு நியமிக்கும். நம்மவர் விளங்கிக்கொள்ளுதற்கு அவரை அரசாங்க அதிபர் என்று கொள்ளலாம்.

பெரும் பிரிவின் கீழே பல சிறு பிரிவுகள் உண்டு. அவற்றுள் ஒன்று கந்தோன். நம் பெரியோர் 'கந்தோருக்குப் போகிறேன்' என்று சொல்லும் கந்தோர் ஒல்லாந்தர் தந்த சொல். இதற்கும் அதற்கும் உறவில்லை. கந்தோன் என்பது அயலயலேயுள்ள பல ஊர்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கூட்டு. முற்காலத்தில் சிறு வழக்குகளை விசாரிக்கும் சமாதான நீதவான் ஒருவர் அங்கு இருந்தார். பிற்காலத்தில் அது பெரும்பாலும் தேர்தற் பிரிவாகவே நின்றது.

எல்லாவற்றுக்கும் அடியிலே கிடப்பது கொம்யூன், அதாவது ஊர். ஐம்பது பேர் வாழும் குக்கிராமமும் கொம்யூன். பரிஸ் மாநகரும் கொம்யூன். ஒவ்வொன்றுக்கும் தனிச் சபை, தனி மேயர், தனிப் பிறப்பு இறப்புப் பதிவேடு, தனி வரவு செலவு. இன்றும் பிரான்ஸிலே ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. எத்துணைச் சிறிதாயினும் தன் ஊரின் கதவு தனியாக இருக்க வேண்டும் என்பது பிரெஞ்சு மக்களின் பிடிவாதம் போலும்.

நாம் கரும்பலகையில் எழுதியது, மியூஸ் பெரும் பிரிவிலே வெர்டன் நகருக்கு வடக்கே அமைந்திருந்த ஷார்னி என்னும் கந்தோன். நதியின் இரு மருங்கிலும் இருபதுக்கும் மேற்பட்ட கொம்யூன்களை உடையதாயிருந்தது அது. ஷார்னி, பிரா, வாஷ்ரோவில், சமோனியூ, ஷத்தன்கூர், பெத்தன்கூர் என்று நாவுக்குப் பழக்கமில்லாத பெயர்கள் அவை. அந்நிரலிலே ஒன்பது பெயர்கள் மட்டும் வேறாக நின்றன. போமோன், பெசோன்வோ, கூமியேர், தூவோமோன், புளூரி, ஓமோன், லூவ்மோன், ஓர்ன், வோ என்பன அவை. இவ்வொன்பதையும் பிரெஞ்சு மக்கள் 'பிரான்ஸுக்காக உயிர் நீத்த ஊர்கள்' என்று வழங்குகின்றனர். போர்க்களத்தில் மடிந்த வீரனுக்குச் சூட்டும் அடைமொழி அது. அதனை ஊருக்குச் சூட்டினார்கள்.

முந்நூறு நாட்கள்

1914 ஆம் ஆண்டுக்கு முன் இவ்வூர்களுக்குச் சொல்லத்தக்க சிறப்பு எதுவும் இல்லை. உழவரும் மரம் வெட்டுவோரும் கால்நடை வளர்ப்போரும் வாழ்ந்த சாதாரண ஊர்கள். புளூரியிலே 422 பேர் இருந்தனர். ஒன்பதினுள் பெரியதாகிய ஓர்ன் என்னும் ஊரிலே ஏறத்தாழ 700 பேர். ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், துணி துவைக்கும் பொதுத்தொட்டி, பாண் சுடும் போறணை, ஒரு கம்மாலை. பூமிசாத்திர ஆசிரியர் எவரும் தனியாக எடுத்து உரைக்கும் ஊர்கள் அல்ல.

ஆனால் அவை வெர்டன் கோட்டைநகரின் வாயிலிலே இருந்தன. முதலாம் உலகப் போரிலே ஜேர்மன் சேனை அந்நகரை நோக்கி 1916 ஆம் ஆண்டு பெப்ரவரி 21 ஆம் நாட் காலையிலே 1,200 க்கும் மேற்பட்ட பீரங்கிகளைக் கொண்டு தாக்கத் தொடங்கிற்று. போர்முனைக்கு மிக அண்மையிலிருந்த ஊர்களிலிருந்து மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். ஏனையோர் அந்தக் குளிர்கால நாட்களிலே, வண்டியிலும் கையிலும் கொண்டுசெல்லக் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். சில கிழமைகளில் திரும்பிவிடலாம் என்று எண்ணிக் கதவைப் பூட்டிச் சென்றவர் எத்தனை பேரோ! போரினால் ஊர் பெயர்வது எத்தகையது என்பதை நம் வாசகருட் பலருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஓமோன் மறுநாளே வீழ்ந்தது. தூவோமோன் கோட்டை பெப்ரவரி 25 இல் பிடிபட்டது. வோ கோட்டையிலே றேனால் என்னும் தளபதியும் அவர் வீரரும் யூன் மாதத்திலே முற்றுகைக்குள் நின்று, குடிக்க நீரின்றி, கடைசிச் செய்திப்புறாவையும் பறக்கவிட்டபின், 7 ஆம் நாள் சரணடைந்தனர். புளூரி வெர்டன் நகருக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் தொலைவில் ஒரு மேட்டிலே இருந்தது. அம்மேட்டைப் பிடித்தோர் நகரைக் கீழ்நோக்கிக் காணலாம். ஆகவே யூன் மாதத்துக்கும் ஓகஸ்ட் மாதத்துக்கும் இடையில் அவ்வூர் பதினாறு தடவை கை மாறிற்று என்பர். ஓகஸ்ட் 18 ஆம் நாள் பிரெஞ்சுப் படை அதனை இறுதியாக மீட்டது. மீட்டபோது அங்கே ஊர் இருக்கவில்லை. சுவரும் இல்லை, சுவர் நின்ற அடையாளமும் இல்லை. கல்லும் மண்ணும் என்புமாய்க் கலந்த சேறு ஒன்றே இருந்தது.

போர் டிசெம்பர் 18 இல் ஓய்ந்தது. ஏறத்தாழ முந்நூறு நாட்கள். இரு புறத்தும் மடிந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். போர்முனையோ தொடக்கத்தில் இருந்த இடத்துக்கு அருகிலேயே மீண்டும் வந்து நின்றது.

சிவப்பு வலயம்

1918 நவம்பரில் போர் முடிந்ததும் ஊரவர் திரும்ப விரும்பினர். வீடு இடிந்தால் கட்டலாம். வயல் பாழானால் உழலாம் என்பதே உழவனின் எண்ணம். பிரா, சமோனியூ, பெத்தன்கூர் முதலிய அயலூர்களும் நொறுங்கிக் கிடந்தவையே. அவை மீண்டும் கட்டப்பட்டன. ஆயின் இவ்வொன்பது ஊர்களின் நிலை வேறாயிருந்தது.

அங்கே அழிந்தது வீடுகள் மட்டுமல்ல. மண்ணே அழிந்துவிட்டது. மேல்மண் அடியிலும் அடிமண் மேலிலுமாகப் புரண்டிருந்தது. வெடிக்காத குண்டுகள் எண்ணிறந்தன. நச்சுவாயு அடைத்த குண்டுகளும் அவற்றோடு கிடந்தன. எடுத்து அடக்கஞ் செய்யப்படாத பிணங்கள் எங்கும் இருந்தன. அரசாங்கத்தார் ஒரு கணக்குப் பார்த்தனர். நிலத்தைத் திருத்துவதற்கு ஆகும் செலவு நிலத்தின் விலையிலும் மிகுமாயின், அந்நிலத்தைத் திருத்துவதில்லை. அரசே அதனை வாங்கிக்கொள்வது. படத்திலே சிவப்பு வர்ணந் தீட்டிய அப்பகுதிகளுக்குச் சிவப்பு வலயம் என்று பெயராயிற்று. 1919 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆம் நாட் சட்டம் போரினால் இழந்தோருக்கு இழப்பீடு பெறும் உரிமையை அளித்தது. எனவே மக்களுக்குப் பணம் கிடைத்தது. ஊர் கிடைக்கவில்லை.

பின்னர் வனத் திணைக்களத்தார் வந்து அந்நிலத்திலே கோடிக்கணக்கான மரக்கன்றுகளை நட்டனர். அவற்றுட் பெரும்பாலானவை பைன் முதலிய ஊசியிலை மரங்கள். ஏறத்தாழ 10,000 ஹெக்டெயர் பரப்புள்ள வெர்டன் காடு இவ்வாறு மனிதர் கையால் உண்டானது. காடு கெடுத்து நாடாக்குவதே உலக வழக்கு. நாடாயிருந்த இடத்தை, வேறு வழியின்மையால், மனிதரே காடாக்கிய கதை இது.

பெயருக்கு ஓர் உரிமை

இங்கேதான் மாணவனின் கேள்வி எழுகின்றது. குடியில்லை, வீடில்லை, வயலில்லை. நிலமும் அரசாங்கத்தின் காடாகிவிட்டது. இனி அவ்வூரின் பெயரை ஏட்டிலிருந்து வெட்டிவிடுவதே நிருவாகத்துக்கு எளிது. அயலூருடன் சேர்த்துவிட்டால் ஓர் எழுத்தரின் பேனா ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடும்.

பிரெஞ்சு அரசு அவ்வாறு செய்யவில்லை. 1919 ஆம் ஆண்டிலேயே வேறொரு சட்டம் இயற்றி, அழிந்த ஊர்களும் கொம்யூன்களாகவே தொடரும் என்று வகை செய்தது. வாக்காளரே இல்லாத ஊரில் தேர்தல் நடத்த இயலாது. ஆதலால் பெரும் பிரிவின் அதிபர் மூவர் கொண்ட ஒரு குழுவை நியமிப்பார். அதன் தலைவருக்கு மேயருக்குரிய அதிகாரமும் கடமையும் உண்டு. பின்னாளில் தூவோமோன், வோ, ஓர்ன் ஆகிய மூன்றிலும் சிலர் குடியேறிச் சிறிதளவு உயிர் வந்தது. வோ பழைய இடத்துக்குச் சற்று அப்பால் எழுந்தது. மற்றை ஆறும் வெறுமையாகவே நின்றன. நூறாண்டு கடந்தும் நியமன மேயர் முறை அவ்வாறு ஊர்களிலும் தொடர்கின்றது.

குடிகளே இல்லாத ஊரில் மேயருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நினைவுச் சின்னத்தையும் சிற்றாலயத்தையும் பேண வேண்டும். காட்டுக்குள் மறையும் பாதைகளைத் துப்புரவு செய்விக்க வேண்டும். ஊர்ப் பதிவேட்டுக்குப் பொறுப்பாயிருக்க வேண்டும். 'எம் பாட்டனார் இவ்வூரிலே பிறந்தார்' என்று எழுதுவோருக்கு மறுமொழி அனுப்ப வேண்டும். ஆண்டுதோறும் பழங்குடிகளின் வழித்தோன்றல்கள் கூடும் நாளில் முன்னின்று வரவேற்க வேண்டும். அரசின் ஏட்டிலே அவர் பெயர் மேயர். உண்மையில் அவர் ஒரு நினைவின் காவலர்.

புளூரியில் இன்று

இன்று புளூரிக்குச் செல்வோர் காண்பது புல்லும் மரமும் மூடிய ஒரு நிலம். அந்நிலம் எங்கும் சமமாயில்லை. குண்டு விழுந்த குழிகள் அலையலையாய், கடல் உறைந்து பச்சை பூண்டது போல, தொடர்ந்து கிடக்கின்றன. அவற்றினூடே பழைய தெருக்கள் சென்ற தடத்திலே ஒற்றையடிப் பாதைகள் செல்கின்றன. பாதையோரத்திலே சிறு அடையாளங்கள் நிற்கின்றன. இங்கே பள்ளிக்கூடம், இங்கே பாண் போறணை, இங்கே கொல்லர், இங்கே ஓர் உழவர் வீடு. வீடுகள் இருந்தபோது இவற்றை எவரும் எழுதி வைத்திருக்கமாட்டார். கம்மாலை எது என்று ஊரிலே பிறந்த குழந்தைக்கும் தெரியுமே!

தேவாலயம் நின்ற இடத்திலே இப்போது ஒரு சிற்றாலயம் இருக்கின்றது. அதனை ஐரோப்பாவின் அன்னை என்ற பெயரால் அர்ப்பணித்திருக்கிறார்கள். ஊரை அழித்த நாட்டினரும் அப்பெயரினுள் அடங்குவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புகையிரத நிலையம் இருந்த இடத்திலே 1967 இல் வெர்டன் போர் நினைவகம் திறக்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டிலேதானும் புளூரி மண்ணிலிருந்து 26 பிரெஞ்சு வீரரின் எச்சங்கள் வெளிப்பட்டன. மண் தன் கணக்கை இன்னும் முடிக்கவில்லை.

அயலிலேயுள்ள தூவோமோனில் ஒரு பெரும் என்பகம் எழுந்திருக்கின்றது. 1932 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கட்டடத்தினுள் இன்னார் என்று அறியப்படாத ஏறத்தாழ 1,30,000 வீரரின் எலும்புகள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் எலும்பு எது, ஜேர்மனியர் எலும்பு எது என்று பிரித்தறிய எவராலும் முடியவில்லை. உயிரோடிருக்கையில் ஒருவரையொருவர் நெருங்கவிடாமற் போரிட்டவர்கள் அங்கே ஒன்றாய்க் கிடக்கின்றனர். அவ்விடத்திலேதான் 1984 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆம் நாள் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரானும் ஜேர்மன் தலைவர் கோலும் ஒருவர் கையை ஒருவர் பற்றியவாறு மௌனமாய் நின்றனர்.

நதியின் மறுகரையிலுள்ள கூமியேர் என்னும் ஊரின் முழுப்பெயரோடு அருகிலுள்ள குன்றின் பெயரும் சேர்ந்து வழங்குகின்றது. 'இறந்த மனிதன்' என்பது அக்குன்றின் பெயர். போரினால் வந்த பெயர் போலத் தோன்றினும் அது போருக்கு முன்னரே வழங்கியது. பின்னாளில் அங்கு நேர்ந்ததைக் கருதும்போது, பெயரைக் கேட்கும்பொழுதே நெஞ்சு துணுக்குறும்.

வீண் செலவா?

மாணவருள் ஒருவர், "இதற்குச் செலவழிக்கும் பணத்தை உயிரோடிருப்போருக்குக் கொடுக்கலாமே" என்றார். நியாயமான வினா. ஆளில்லா ஊருக்கு நிருவாகம் எதற்கு என்று எண்ணுவோர் எங்கும் இருப்பர். நம் கருத்து வேறு.

முதலாவது, அவ்வூரவர் தாமாக ஊரைத் துறந்தவரல்லர். தேசத்தின் பொருட்டு வெளியேற்றப்பட்டார்கள். திரும்ப வழியில்லாதவாறு தேசமே அவர்கள் நிலத்தை வாங்கிக்கொண்டது. நிலத்துக்கு விலை கொடுக்கலாம். ஊருக்கு விலை இல்லை. கொடுக்க முடியாத ஒன்றுக்கு ஈடாகப் பெயரையாவது காத்துக் கொடுத்தல் கடன். அது தருமமன்று; கடன்.

இரண்டாவது, நினைவு தானாக நிற்பதன்று. 'மறக்கமாட்டோம்' என்று மேடையிலே கூறுதல் எளிது. புல்லை வெட்டுவதற்கும் பதிவேட்டைப் புரட்டுவதற்கும் கடிதத்துக்கு மறுமொழி எழுதுவதற்கும் பொறுப்பான ஒருவர் வேண்டும். பிரெஞ்சுச் சட்டம் கண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பதவியை உண்டாக்கிற்று. பாழ்பட்ட ஊர்களைப் பாடிய புலவர் நம்மிடத்தும் உளர். பாழ்பட்ட ஊருக்கு ஆண்டுதோறும் வரவு செலவு எழுதிய சட்டமும் ஒருவகையிற் பாட்டே.

மூன்றாவது, அந்நினைவு பகையை வளர்க்கப் பயன்படவில்லை. ஐரோப்பாவின் அன்னை ஆலயமும் கலந்து கிடக்கும் எலும்புகளும் அதற்குச் சான்று. தன் இழப்பை மறவாமலும் பிறர் இழப்பை மறுக்காமலும் நினைவு கூர்தல் அரிது. அது கற்றுக்கொள்ளத்தக்கது.

கந்தோன் போயிற்று, ஊர் நின்றது

கதையின் முடிவு இன்னும் விந்தையானது. 2013 ஆம் ஆண்டு பிரான்ஸிலே தேர்தற் சீர்திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஒவ்வொரு கந்தோனும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இணையாகத் தெரிவு செய்ய வேண்டும் என்று அது விதித்தது. அதற்காக ஏறத்தாழ நாலாயிரமாயிருந்த கந்தோன்களின் தொகை பாதியாகக் குறைக்கப்பட்டது. 2015 மார்ச் மாதத் தேர்தலுடன் ஷார்னி கந்தோன் இல்லாதொழிந்தது. அதன் ஊர்கள் புதிய பிரிவுகளுடன் சேர்ந்தன. அதற்காகச் சிற்றாலயம் எவரும் கட்டவில்லை. ஆண்டுதோறும் கூடி அழுபவரும் இல்லை.

ஆயிரக்கணக்கான மக்கள் வாழ்ந்த கந்தோன் ஒரு சட்டத்தால் மறைந்தது. ஒருவரும் வாழாத ஆறு ஊர்கள் மறையவில்லை. கந்தோன் அரசு கீறிய கோடு, கீறியவர் அழிக்கலாம். ஊர் அத்தகையதன்று. ஊர்களும் மாறாமல் இருப்பதில்லை என்பது மெய்யே. 2019 சனவரி 1 ஆம் நாள் தூவோமோனும் வோவும் ஒரே கொம்யூனாக இணைந்தன. ஆயினும் இணைந்த ஊரின் பெயர் தூவோமோன்-வோ. இரண்டு பெயரையும் அவர்கள் விடவில்லை.

இவ்வளவையும் கேட்டபின், முதலில் கேள்வி கேட்ட மாணவன் மீண்டும் எழுந்தான். "அப்படியானால் பூச்சியம் போட்டது சரிதான், ஐயா. பெயரை எழுதாமல் விட்டிருந்தால்தான் பிழை" என்றான். நாம் ஒரு பாடவேளை முழுவதும் கூறியதை அவன் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

அன்று வகுப்புக்கு வீட்டுவேலை ஒன்று கொடுத்தோம். அதனையே இப்பகுதியை வாசிக்கும் மாணவருக்கும் கொடுக்க விரும்புகின்றோம். உங்கள் வீட்டிலுள்ள முதியவரிடம் அமர்ந்து, அவர் பிறந்த ஊரின் ஒழுங்கைகள், கிணறுகள், வயல்கள், குளங்கள் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கம்மாலை எங்கே இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று கேளுங்கள். எல்லாம் தெரிந்தவைதாமே என்று அசட்டையாய் இருந்துவிட வேண்டாம். புளூரியிலும் ஒருகாலத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தே இருந்தது.